கோப்பியை யார் பறிச்சது?

(கடந்த கூட்டத்தில் ரொறன்ரோவில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை அதிகம் மாற்றவில்லை.)



போன மாதம் கூட்டத்துக்குக் கோப்பி வாங்கும் பொறுப்பை என்னட்டைத் தந்தீங்கள். "ஃபெயார் ட்ரேட் முத்திரை பார்த்து வாங்கு" எண்டு மட்டும் சொன்னீங்கள். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மம்மா பக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்திட்டு, "இத யாரு பறிச்சது?" எண்டு கேட்டா. அவ மாத்தளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, 77 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்கு வந்தவ. பக்கற்றில் ஒரு விவசாயியின் படம் இருந்தது. பறித்தவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

முதலில் முத்திரை என்ன செய்யுது எண்டு பார்ப்பம். அராபிக்காவின் விலைக்கு அளவுகோல் நியூயோர்க் சந்தை. 2001இல் அங்கே ஒரு இறாத்தல் 50 சதத்துக்கும் கீழே விழுந்தது. 2025 தொடக்கத்தில் 4 டொலரைத் தாண்டியது. கன்று நட்டால் காய்க்க மூன்று நாலு வருடம் எடுக்கும் பயிர் இது. இப்படி ஆடுகிற விலையை நம்பி ஒரு சிறு விவசாயி எப்படித் திட்டம் போடுவது? ஃபெயார் ட்ரேட் இதற்கு ஒரு அடிமட்டம் வைக்கிறது. கழுவிப் பதப்படுத்திய அராபிக்காவுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து இறாத்தலுக்கு 1.80 டொலர். சந்தை விலை கூடினால் கூடின விலை. அதோடு 20 சதம் கூட்டுறவுச் சங்கத்தின் பொது நிதிக்கு. விலை விழுகிற வருடங்களில் இது பெரிய உதவி. ஆனபடியால் "எல்லாம் ஏமாத்து" எண்டு சொல்ல நான் வரவில்லை.

ஆனால் அந்த 1.80 விவசாயியின் கைக்கு வாற காசு இல்லை. ஏற்றுமதி செய்யும்போது சங்கத்துக்குக் கிடைக்கிற விலை. பதப்படுத்தல், போக்குவரத்து, சங்கச் செலவெல்லாம் கழிச்ச மிச்சம்தான் விவசாயிக்கு.

அதற்கும் கீழே இன்னொரு ஆள் இருக்கிறார். அறுவடைக்கு மட்டும் வந்து, பழம் பறிச்சிட்டுப் போகிற பருவகாலக் கூலி. சொந்த நிலம் இல்லை, சங்கத்தில் வாக்கு இல்லை. லண்டன் சோவாஸ் ஆய்வாளர்கள் எத்தியோப்பியாவிலும் உகண்டாவிலும் செய்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஃபெயார் ட்ரேட் சங்கங்கள் இருந்த இடங்களில் கூலியாட்களின் சம்பளம் மற்ற இடங்களைவிடக் குறைவாக இருந்ததாக அது சொன்னது. சிறு பண்ணைகளைப் பெருந்தோட்டங்களோடு ஒப்பிட்டது சரியில்லை எண்டு ஃபெயார் ட்ரேட் அமைப்பு மறுத்தது. ஒப்பீடு பற்றி வாதிடலாம். கூலியாட்கள் முத்திரையின் கண்ணில் படாமல் போனதை மறுக்க ஏலாது.

இந்த ஆளை எங்களுக்குத் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் மன்னாரில் இறங்கி, காட்டு வழியால் மாத்தளைக்கு நடந்து போன மக்கள் முதலில் போனது தேயிலைக்கு இல்லை, கோப்பிக்கு. அறுவடைக்கு வந்து, கங்காணியிடம் கடன்பட்டு, முடிஞ்சதும் திரும்பிப் போனார்கள். வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்த பிறகுதான் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. அம்மம்மாவின்ர கேள்வி அங்கிருந்து வருகுது.

இன்னொரு விசயம். ஒரு காலத்தில் விலையைத் தாங்கிப் பிடிக்கும் வேலையை அரசுகள் செய்தன. 1962இல் உருவான சர்வதேச கோப்பி ஒப்பந்தம் நாடுகளுக்கு ஏற்றுமதிப் பங்கு பிரித்து விலையைக் காத்தது. 1989 ஜூலையில் அந்தப் பங்கீட்டு முறை உடைந்தது, விலை சரிந்தது. நாடுகள் கைவிட்ட பொறுப்பை இண்டைக்குக் கடைத் தட்டுக்கு முன்னால் நிற்கிற எங்கட தலையில் கட்டியிருக்கினம்.

அதனால் என்ன செய்வம்? என்ர முன்மொழிவு மூன்று.

ஒன்று: முத்திரையோடு நிற்காமல், எந்தச் சங்கத்திடம் என்ன விலைக்கு வாங்கினோம் எண்டு வெளியிடுகிற சிறு வறுப்பகங்களிடம் வாங்குவம்.

இரண்டு: அவர்களிடம் எழுதிக் கேட்பம். பழம் பறிக்கிறவர்களுக்குச் சம்பளம் நிறைக்கா, நாளுக்கா? எவ்வளவு? பதில் இல்லையெண்டால் அதுவும் ஒரு பதில்தான்.

மூன்று: எங்கட பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலை ஒப்பந்தங்களில் இதே கேள்வியைப் போட வைப்பம். கட்டாய உழைப்பு, சிறுவர் உழைப்பு பற்றி 2024 ஜனவரியில் கனடாவில் அமுலுக்கு வந்த சட்டம் பெரிய நிறுவனங்களிடம் வருடாந்த அறிக்கை கேட்கிறது. நியாயமான சம்பளம் கேட்கவில்லை. அதை நாங்கள்தான் கேட்க வேணும்.

மேசையில் இருக்கிற கோப்பி அந்தப் பக்கற்றில் போட்டதுதான். குடியுங்கோ. வறுப்பகத்துக்கு எழுதின கடிதமும் பக்கத்தில் இருக்கு, வாசிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கோ. பதில் வந்தால் அடுத்த மடலில் போடுறன், அம்மம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டுறன்.