முதல்ல ட்ரைபாட், அப்புறம் டெலஸ்கோப்

(ஒலி வடிவத்திலிருந்து சுருக்கித் தொகுத்தது.)

இன்னைக்கு ஒரு நேயரோட வாய்ஸ் நோட்ல இருந்து ஆரம்பிக்கலாம். அவருக்கு சென்னையில வேலை, சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். மாசத்துக்கு ரெண்டு தடவை பஸ்ல ஊருக்குப் போய் வர்றார். வீட்ல பாட்டிக்கு 78 வயசு. சனிக்கிழமை தவறாம எள்ளு விளக்கு போடுறவங்க. "சனிக்கு வளையம் இருக்குன்னு சொன்னா பாட்டி நம்பவே மாட்டேங்குறாங்க, ஒரு தடவை அவங்க கண்ணாலயே பார்க்க வைக்கணும். பட்ஜெட் 20,000 ரூபாய். பஸ்ல மடியில வச்சு கொண்டு போற மாதிரி எந்த டெலஸ்கோப் வாங்கலாம்?" இதுதான் அவர் கேள்வி.

இதே கேள்வி வேற வேற ரூபத்துல நிறைய வருது. ஏலகிரிக்கு பைக்ல போறவங்க கேக்குறாங்க, கொல்லிமலைக்கு ட்ரெக் போறவங்க கேக்குறாங்க, ஹான்லேவுக்கு டிக்கெட் போட்டுட்டு கேக்குறவங்களும் இருக்காங்க. எல்லாருக்கும் என் பதில் ஒண்ணுதான். பட்ஜெட்ல பாதியை ட்ரைபாடுக்கும் அதோட ஹெட்டுக்கும் எடுத்து வச்சிடுங்க. மிச்சத்துல எந்தக் குழாய் கிடைக்குதோ அது போதும்.

இதைச் சொன்னா யாருக்கும் பிடிக்காது. நம்ம ஆபீஸ்லயும் அப்படித்தானே, டெமோவுல ஃபீச்சரைப் பார்த்து எல்லாரும் கை தட்டுவாங்க, சர்வர் எதுல ஓடுதுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ஆனா இந்த விஷயத்துல கணக்கு தெளிவா இருக்கு. போட்டுப் பார்த்துடலாம்.

டெலஸ்கோப்போட பெருக்கம்ங்கிறது வெறும் வகுத்தல். குழாயோட குவியத் தூரத்தை ஐபீஸோட குவியத் தூரத்தால வகுக்கணும். 400 மி.மீ. குழாய்ல 10 மி.மீ. ஐபீஸ் போட்டா 40 மடங்கு. 6 மி.மீ. போட்டா கிட்டத்தட்ட 67 மடங்கு. அப்போ சின்னச் சின்ன ஐபீஸா போட்டு 500 மடங்கு ஆக்கிடலாமேன்னு தோணும். பெட்டி மேல "525 மடங்கு"ன்னு பெருசா அச்சடிச்சு விக்கிறவங்க நம்பியிருக்கிறது இந்த எண்ணத்தைத்தான். முன்பக்க லென்ஸோட விட்டத்தை மி.மீ.ல எடுத்து ரெண்டால பெருக்குங்க, தோராயமா அதுதான் உச்ச வரம்பு. 70 மி.மீ. லென்ஸுக்கு 140. அதுக்கு மேல போனா படம் பெருசாகும், ஆனா மங்கிக் கலங்கித்தான் தெரியும். பெட்டியில மடங்குக் கணக்கைப் பெருசா போட்டு, லென்ஸ் விட்டத்தைப் பொடி எழுத்துல போட்டிருந்தா அந்தக் கடையில இருந்து வெளிய வந்துடுங்க.

சனியோட வளையம் தெரிய இவ்வளவெல்லாம் வேண்டாம். 30, 40 மடங்குலயே அது மத்த புள்ளி மாதிரி இல்லைன்னு தெரிஞ்சிடும். ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. 2025 மார்ச்ல சனியோட வளையம் நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பி நின்னுச்சு. ஏறக்குறைய 15 வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிறது இது. அதுல இருந்து மெல்ல விரிஞ்சுகிட்டு வருது. இன்னும் ஒல்லியாத்தான் இருக்குங்கிறதால 60, 70 மடங்கு இருந்தா பாட்டிக்கு நல்லது.

இப்போ ட்ரைபாட் கதைக்கு வர்றேன். 67 மடங்குல சனி 67 மடங்கு பெருசா தெரியுது இல்லையா, ட்ரைபாடோட ஆட்டமும் அதே 67 மடங்கு பெருசாத்தான் தெரியும். பூமி வேற சும்மா இருக்காது. நாலு நிமிஷத்துக்கு 1 டிகிரி வீதம் வானம் நகர்ந்துகிட்டே இருக்கு. 67 மடங்குல ஒரு சாதாரண ஐபீஸ்ல முக்கால் டிகிரி வானம்தான் தெரியும். சனியை நடுவுல கொண்டுவந்து வச்சா ஒன்றரை நிமிஷத்துல ஓரத்துக்குப் போயிடும். அதுக்குள்ள நீங்க நகரணும், பாட்டி எழுந்து வரணும், கண்ணாடியைக் கழட்டணும், எந்த ஓட்டைக்குள்ள பார்க்கணும்னு கேக்கணும். பழக்கமில்லாதவங்களுக்கு ஐபீஸ்ல கண்ணை சரியான இடத்துல வைக்கவே அரை நிமிஷம் ஆகும். பிடிமானத்துக்கு குழாயைத் தொடாம இருக்க மாட்டாங்க. தொட்டதும் ஆட்டம். நல்ல ட்ரைபாட்னா ரெண்டு செகண்டுல அடங்கும். சன்னமான அலுமினியக் கால் வச்ச ட்ரைபாட்ல ஆறேழு செகண்ட் ஆகும், அடங்குறதுக்குள்ள இன்னொரு தடவை தொட்டிருப்பாங்க. கடைசியில "ஏதோ மினுக்கு மினுக்குன்னு தெரியுதுப்பா"ன்னு உங்க மனசு நோகாம ஒரு பதில் சொல்லிட்டுப் போயிடுவாங்க. டெலஸ்கோப் பரண் மேல போறது இப்படித்தான்.

கால் ஏன் ஆடுதுங்கிறதுக்கு மெக்கானிக்கல் படிச்சவங்க உடனே விடை சொல்லிடுவாங்க. ஒரு முனையில பிடிச்ச குழாய் எவ்வளவு வளையும்ங்கிறது அதோட நீளத்தோட மும்மடிக்கு ஏத்த மாதிரி கூடும். நீளத்தைப் பாதியாக்கினா வளைவு எட்டில் ஒரு பங்கு. அதே மாதிரி சுவர்த் தடிமன் மாறாம விட்டத்தை இரட்டிப்பாக்கினா விறைப்பு ஏறக்குறைய எட்டு மடங்கு. அஞ்சு அடுக்கா மடியுற ட்ரைபாட் பைக்குள்ள அழகா அடங்கும், ஆனா அதோட கடைசி அடுக்கு பென்சில் கனம்தான் இருக்கும். மூணு அடுக்கு, மிஞ்சினா நாலு. கடைசி அடுக்கு உங்க கட்டைவிரலை விடத் தடியா இருக்கணும். நடுத்தண்டை மேல தூக்கவே தூக்காதீங்க. அதைத் தூக்கினா மூணு கால் ட்ரைபாட் ஒத்தைக் காலா மாறிடுது.

இங்கதான் பாட்டி நமக்கு உதவி பண்றாங்க. நின்னுகிட்டுப் பார்க்கணும்னா ஐபீஸ் அஞ்சடி உயரத்துல இருக்கணும், காலை முழுசா நீட்டணும். நாற்காலியில உட்கார்ந்து பார்த்தா மூணரை அடி போதும். ட்ரைபாடோட கடைசி அடுக்கை இழுக்கவே வேண்டாம். அதே ட்ரைபாட், காசு செலவில்லாம பல மடங்கு உறுதியாயிடும். நடுவுல ஒரு பையில 5 லிட்டர் தண்ணி கேனைத் தொங்கவிடுங்க, தரையை லேசா தொடுற மாதிரி. இல்லைன்னா அதுவே ஊஞ்சல் ஆடும். முழங்கால் வலி இருக்கிறவங்களும் அவசரமில்லாம உட்கார்ந்து பார்ப்பாங்க. நான் இப்போ வயசு வித்தியாசமில்லாம எல்லாருக்கும் நாற்காலிதான் சொல்றேன்.

உட்கார்ந்து பார்க்க இன்னொரு சாமானும் வேணும். பையோட செட்டா வர்ற பயண டெலஸ்கோப் பலதுல 45 டிகிரி ப்ரிஸம் ஒண்ணு குடுப்பாங்க. பகல்ல மலை, பறவை பார்க்க அது சரி. நம்ம ஊர்ல மிருகசீரிடம், திருவாதிரை எல்லாம் கிட்டத்தட்ட உச்சந்தலைக்குப் பக்கத்துல போகும். அந்த ப்ரிஸத்தை வச்சுப் பார்க்கணும்னா தரையில மண்டி போடணும். தனியா ஒரு 90 டிகிரி டயகனல் வாங்கிக்கோங்க. 1.25 அங்குல அளவுதான் பொதுவானது, வாங்குற குழாய்லயும் அதே அளவு இருக்கான்னு பார்த்துடுங்க.

ட்ரைபாட் எங்க வாங்குறது? கல்யாண வீடியோ எடுக்கிறவங்க கேமராவை அடிக்கடி மாத்துவாங்க, பழைய வீடியோ ட்ரைபாட் மூலையில கிடக்கும். ஊர்ல இருக்கிற ஸ்டுடியோவுல போய்க் கேளுங்க. ஃப்ளூயிட் ஹெட்டோட கிடைச்சா அதிர்ஷ்டம், ஏன்னா சனியைத் துரத்த அந்த வழவழப்பான அசைவுதான் வேணும். பால் ஹெட் வேண்டாம். ஃபோட்டோவுக்கு அருமை, ஆனா டெலஸ்கோப்புல முறுக்கைத் தளர்த்தின உடனே குழாய் எல்லாத் திசையிலயும் சரியும். ஹெட் மேல் நோக்கி எவ்வளவு சாயுதுன்னும் பாருங்க. சில ஹெட் கீழ் நோக்கி 90 டிகிரி சாயும், மேல் நோக்கி 30-லயே நின்னுடும். அப்படி இருந்தா குழாயை முன்பின்னா திருப்பி மாட்டினா வேலை முடிஞ்சுது. திருகு பெரும்பாலும் கால் அங்குலம், அதனால குழாய் அடியிலயும் கால் அங்குலத் திருகுத் துளை இருக்கணும், இல்லைன்னா டவ்டெய்ல் பிடிப்பான் ஒண்ணு தனியா வாங்கணும். சிவில் படிக்கிற தம்பி தியோடலைட் ஸ்டாண்ட் இருக்குன்னு கொண்டு வருவான். கல்லு மாதிரி நிக்கும். ஆனா அதோட திருகு 5/8 அங்குலம், அதைத் தூக்கிட்டு பஸ்ல ஏறினா கண்டக்டர் தனி டிக்கெட் கேப்பார்.

இனி குழாய். பயணத்துக்குன்னு பார்த்தா போட்டி ரெண்டு பேருக்குள்ளதான். ஒண்ணு 70 அல்லது 80 மி.மீ. குட்டை ரிஃப்ராக்டர், குவியத் தூரம் 400 மி.மீ. சுமார். இன்னொண்ணு 90 மி.மீ. மக்ஸுடோவ், குவியத் தூரம் 1250 மி.மீ., ஆனா ஒளியை உள்ளுக்குள்ளயே மடிக்கிறதால குழாய் ஏறக்குறைய ஓரடிதான். கிரகம் பார்க்க மக்ஸுடோவ் கில்லி. சந்தேகமே இல்லை. ஆனா அதுல குறைந்த பெருக்கமே 40, 50 மடங்குல ஆரம்பிக்குது, அதாவது ட்ரைபாட் சுமார்னா எப்பவுமே ஆட்டம்தான். முன்பக்கக் கண்ணாடி மலைப் பனியில சீக்கிரம் நனைஞ்சிடும், பழைய யோகா மேட்டை வெட்டி ஒரு மூடாக்கு சுத்தணும். இன்னொண்ணு, அதுல கார்த்திகை அடங்காது. ஆறு நட்சத்திரக் கூட்டம் வானத்துல 2 டிகிரி அகலம், மக்ஸுடோவ் காட்டுறது ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேல. குட்டை ரிஃப்ராக்டர்ல 20 மி.மீ. ஐபீஸ் போட்டா முழுக் கார்த்திகையும் ஒரே வட்டத்துக்குள்ள வந்து நிக்கும். ஜவ்வாது மலை மாதிரி இருட்டான இடத்துக்குப் போறதே அந்த மாதிரிக் காட்சிக்குத்தானே. சனியும் நிலாவும் தி.நகர் மொட்டை மாடியிலயே தெரியும், அதுக்கு மலை ஏற வேண்டியதில்லை.

அதனால அந்த நேயருக்கு நான் சொல்றது குட்டை ரிஃப்ராக்டர்தான், கூட ஒரு 6 மி.மீ. ஐபீஸ். பளிச்சுன்னு இருக்கிற பொருளைச் சுத்தி லேசா ஊதா நிறம் தெரியும், விலை குறைஞ்ச லென்ஸோட குணம் அது. பாட்டி அதைக் குறை சொல்ல மாட்டாங்க.

ஈக்வடோரியல் மவுண்ட் வாங்கலாமான்னும் சிலர் கேட்டீங்க. பயணத்துக்கு, அதுவும் நம்ம ஊர்ல, வேண்டாம். அதை துருவ நட்சத்திரத்தைப் பார்த்து சாய்ச்சு வைக்கணும். துருவ நட்சத்திரம் எந்த ஊர்ல எவ்வளவு உயரம்னா அந்த ஊரோட அட்சரேகை அளவு. சென்னையில 13 டிகிரி, கன்னியாகுமரியில 8. பாதி நேரம் ஒரு தென்னை மரத்துக்குப் பின்னாடி இருக்கும். பல சின்ன மவுண்ட் அவ்வளவு தாழச் சாயாது, சாய்ஞ்சாலும் எடைக்கட்டை போய் ட்ரைபாட் கால்ல இடிக்கும். எடையும் ரெண்டு மடங்கு. தாழ்ந்த அட்சரேகையால நமக்கு லாபமும் இருக்கு. ஐரோப்பாவுல பெரும்பாலான ஊர்கள்ல எட்டிப் பார்க்காத ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து நமக்குத் தெற்கே 30 டிகிரி உயரத்துல வரும். காவலூர் வானாய்வகத்தை ஜவ்வாது மலையில வச்சதுக்கு இந்தத் தெற்கு வானமும் ஒரு காரணம். 1986-ல இருந்து அங்க இயங்குற வைணு பாப்பு தொலைநோக்கிக்கு 2.34 மீட்டர் கண்ணாடி. நம்மகிட்ட இருக்கிறது 7 சென்டிமீட்டர். இருந்தாலும் ரெண்டும் பார்க்குறது ஒரே வானம்தான்.

எடைக் கணக்கு. குழாய் ஒன்றரை கிலோ, ட்ரைபாடும் ஹெட்டும் மூணு கிலோ, டயகனல், ஐபீஸ் எல்லாம் அரைக் கிலோ. அஞ்சு கிலோவுக்குள்ள முடிஞ்சுது. பஸ்ல குழாயை மடியில வச்சுக்கோங்க, ட்ரைபாட் லக்கேஜ் ரேக்ல போகட்டும். ஹான்லே போறவங்களுக்கும் அதே மாதிரிதான், லென்ஸ் கைப்பையில, ட்ரைபாட் செக்-இன்ல. உள்நாட்டு விமானத்துல கைப்பைக்குப் பொதுவா 7 கிலோ வரை விடுவாங்க. 4,500 மீட்டர் உயரத்துல அஞ்சு கிலோவே பத்து மாதிரி கனக்கும், அதுக்குத் தயாரா போங்க.

ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி பகல்லயே ஒரு தடவை மாட்டிப் பாருங்க. தூரத்துல ஒரு செல்போன் டவர் உச்சியை டெலஸ்கோப்புல பிடிச்சு, ஃபைண்டரையும் அதே உச்சிக்கு சரி பண்ணிடுங்க. இருட்டுல இதைப் பண்ண முடியாது. டவர் இருக்கிற திசையில சூரியன் இருக்கக் கூடாது. குழந்தைங்க இருக்கிற வீடுன்னா பகல்ல மாட்டின குழாயை மூடி போடாம விட்டுட்டு நகராதீங்க. ஒரு நொடி சூரியனைப் பார்த்தாலும் கண் போயிடும். ஐபீஸ்ல திருகுற சூரிய ஃபில்டர் ஏதாவது செட்ல வந்தா அதைக் குப்பையில போடுங்க. சூட்டுல அது வெடிக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில திட்டம் போட வேண்டாம். வளர்பிறை சப்தமி, அஷ்டமி மாதிரி ஒரு நாள்ல முதல்ல நிலாவைக் காட்டுங்க, கண்ணை எங்க வைக்கணும்னு பாட்டிக்கு அதுலயே பழகிடும். அப்புறம் சனிக்குப் போங்க.

அடுத்த எபிசோட்ல 20,000 இல்லாதவங்களுக்கு: 10×50 பைனாகுலரும் ஒரு ஈஸி சேரும் மட்டும் வச்சுக்கிட்டு ஒரு ராத்திரியில என்னென்ன பார்க்கலாம்னு பேசலாம். வர்றேன்.