மருந்தின் நான்காம் கூறு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

குடிநோயினின்றும் மனநோயினின்றும் மீள்வோருக்குக் கலை எவ்வாறு துணை நிற்கும் என்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். நான் மருத்துவம் பயின்றவள் அல்லேன், தமிழ் பயிற்றுபவள். எனவே, எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

திருக்குறளில் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. அடுத்தது சூது. அதற்கடுத்த 95ஆம் அதிகாரம் மருந்து. கள்ளின் கேட்டைச் சொன்ன வள்ளுவர், ஓர் அதிகாரம் கடந்ததும் மருந்தைச் சொல்லுகிறார். அந்த அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயுற்றவன் ஒரு கூறு. நோய் தீர்க்கும் மருத்துவன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. அருகிருந்து அம்மருந்தைக் கொடுப்பவன் நான்காம் கூறு. இந்நான்கனுள் கலை எக்கூற்றைச் சேரும்? இதுவே இன்று நான் உங்கள்முன் வைக்கும் வினா.

கலையே மருந்து என்று மேடையில் முழங்குவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் கலை மருந்தன்று என்பதே என் துணிபு. அது நான்காம் கூற்றைச் சேர்ந்தது. அருகிருப்பவனின் தொழிலைச் செய்வது.

நம் திருவள்ளூரில் கோயில்கொண்ட பெருமாளை மக்கள் வைத்திய வீரராகவர் என்றே அழைக்கின்றனர். அக்கோயிற் குளத்தின் பெயர் இருத்தாபநாசினி. உள்ளத்தின் தாபத்தைப் போக்குவது என்பது பொருள். நோய் நீங்க வேண்டி அக்குளத்தில் வெல்லம் கரைப்போரை நாம் கண்டிருக்கிறோம். கரைப்பவர் பெரும்பாலும் தனியே வருவதில்லை. கைப்பிடித்துப் படியில் இறக்கிவிட ஒருவர் உடன் வருகிறார். நான் சொல்லும் நான்காம் கூறு அவர்தாம்.

கலைவழிச் சிகிச்சை என்னும் தொடரை 1942இல் இங்கிலாந்தில் வழக்குக்குக் கொண்டுவந்தவர் ஏட்ரியன் ஹில் என்னும் ஓவியர். காசநோய் இல்லத்தில் படுத்திருந்த காலத்தில் படம் வரைந்து தம்மைத் தேற்றிக்கொண்டவர் அவர். பின்னர் உடனிருந்த நோயாளிகளுக்கும் பென்சிலும் தாளும் கொடுத்தார். பிரேசில் நாட்டில் நிசே ட சில்வெய்ரா என்னும் பெண் மருத்துவர், மூளை அறுவைக்கும் மின்னதிர்ச்சிக்கும் உடன்பட மறுத்து, 1946இல் மனநோய் மருத்துவமனைக்குள் ஓவியக்கூடம் திறந்தார். அங்கு விளைந்த படங்களைக் கொண்டே 1952இல் ஓர் அருங்காட்சியகத்தை நிறுவினார். எழுத்தைப் பற்றியும் ஆய்வு உண்டு. 1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவர்தம் துணை ஆய்வாளரும், தம்மை வருத்திய நிகழ்வுகளைப் பற்றி நாளுக்கு 15 நிமிடமாக நான்கு நாள் எழுதிய மாணவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரை நாடியது குறைந்ததைக் காட்டினர். அம்மாணவர்கள் எழுதியவை இலக்கியம் அல்ல என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். சொல்லப்படாதது சொல்லாயிற்று, அவ்வளவே.

தமிழகம் இத்துறையில் பின்தங்கியதன்று. சென்னையில் 1794இல் தோன்றி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்குப் பெயர்ந்த மனநல மருத்துவமனைக்கு 1961இல் பொறுப்பேற்ற டாக்டர் எம். சாரதா மேனன், பூட்டி வைப்பதை மருத்துவம் என்று கருதாதவர். ஓய்வுக்குப் பின் 1984இல் 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் நிறுவிய மருத்துவமனையில் குடிப்பவருக்கு மட்டுமன்றி அவர் குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு என்பதை நிலைநாட்டினார். மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களுக்கே சென்று முகாம் நடத்தினார். இருவரும் அருகிருத்தலை ஒரு முறையாகவே ஆக்கியவர்கள்.

இனி நம் எழுத்துலகுக்கும் கலையுலகுக்கும் வருவோம். சோழமண்டலத்து ஓவியர் கே. ராமானுஜம் மனச்சிதைவுக்கு ஆளானவர். மைக்கோடுகளை இழை இழையாகப் பின்னிக் கனவு மாளிகைகளை எழுப்பியவர். அவற்றினிடையே தொப்பியணிந்த தம்மையும் வரைந்துகொண்டவர். 1973இல் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். 'ழ' இதழைத் தந்த கவிஞர் ஆத்மாநாம், மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த நிலையில், 1984இல் அவ்வாறே மறைந்தார். அப்போது அவருக்கு வயது 33. கலை ஒன்றே மருந்தாகுமாயின் இவ்விருவரும் பிழைத்திருக்க வேண்டும். இருவரிடமும் கலைக்குக் குறைவில்லை.

மறுபுறம், தம் காதுக்குள் ஒலித்த குரல்களோடு நெடுங்காலம் போராடிய எம்.வி. வெங்கட்ராம், அவ்வனுபவத்தையே 'காதுகள்' என்னும் நாவலாக்கினார். 1993இல் அந்நூல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. அவரோ 2000ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார். கோபி கிருஷ்ணன் 'உள்ளேயிருந்து சில குரல்கள்' என்னும் நூலில் மனநோயாளரைப் பற்றிப் பேசவில்லை. அவர்களைப் பேசவிட்டுத் தாம் கேட்டார். தாமும் மனத்துயரை அறிந்தவராதலின் அவருக்கு அது கைவந்தது. தமிழில் நான்காம் கூற்றின் இலக்கியம் எது என்று யாரேனும் வினவினால், நான் அந்நூலையே காட்டுவேன்.

இவற்றையெல்லாம் படித்திருந்த நான், செயலில் இறங்கியபோது செய்தது என்ன? அதையும் சொல்லியாக வேண்டும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உலைகளிலும் ரோலிங் மில்களிலும் உழைப்போர் பலரை நீங்கள் அறிவீர்கள். இரவு ஷிப்ட் முடிந்து வரும் உடம்பு உறங்க மறுக்கிறது. உறக்கத்துக்கென்று தொடங்கிய குடி, பின்னர் விழிப்பதற்கும் வேண்டியதாகிறது. அத்தகையோர் தங்கிச் சிகிச்சை பெறும் இல்லம் ஒன்றுக்கு நம் வட்டத்து நண்பர்கள் சிலர் மூன்றாண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் சென்று வருகிறோம். முதல் வாரம் ஒருவர் தம் தாயைப் பற்றி எட்டு வரி எழுதி என்னிடம் நீட்டினார். நான் பழக்க தோஷத்தால் சிவப்பு மையெடுத்து ஒற்றுப்பிழைகளைத் திருத்தினேன். அவர் தாளைப் பார்த்தார். "தப்பா எழுதிட்டேனா மேடம்? நான் அஞ்சாவதுதான்" என்றார். அடுத்த வாரம் அவர் எழுதவில்லை. அதன் பின்னும் எழுதவில்லை. இருபதாண்டுகள் தமிழ் கற்பித்த நான் ஒரு மனிதரின் வாயை ஒற்றெழுத்தால் அடைத்துவிட்டேன்.

அதன்பின் நாங்கள் சொல்லை விட்டுக் கோட்டுக்கு வந்தோம். வேலையிடத்திலிருந்து வீட்டுக்குச் செல்லும் வழியை வரையுங்கள் என்றோம். உலைத் தொழிலாளி ஒருவர் ஆலையின் வாயில், தேநீர்க் கடை, ரயில்வே கேட், மதுக்கடை அனைத்தையும் அளந்தாற்போல் வரைந்தார். கடையின் கம்பித் தடுப்புக்கூட விடுபடவில்லை. ஆனால் தாளின் ஓரத்தில் வழி முடிந்துவிட்டது, வீடு இல்லை. பார்க்க வந்த அவர் மனைவி படத்தை நெடுநேரம் நோக்கியிருந்து, "கடையை இவ்வளவு சரியாப் போட்டவருக்கு, பிள்ளைங்க எந்தப் பக்கம் படுக்கும்னு கேட்டாத் தெரியாது" என்றார். சண்டையாக அன்று, படத்தைப் பார்த்தே சொன்னார். அவரும் படத்தைப் பார்த்தே தலையசைத்தார். நேருக்கு நேர் சொல்லியிருந்தால் கைகலப்பாக முடிந்திருக்கக்கூடிய சொல், தாளின்மேல் விழுந்ததால் தாங்கத்தக்கதாயிற்று. இல்லத்தின் ஆலோசகர் அப்படத்தைக் கொண்டே, கடையைத் தொடாத வேறு வழியொன்றை ஏரிக்கரை ஓரமாக அவரையே வரையச் செய்தார்.

அவர் அதோடு குடியை விட்டார் என்று கதையை முடிக்க எனக்கும் ஆசைதான். தீபாவளி போனசன்று மீண்டும் குடித்தார். நான்காம் நாள் தாமாகவே இல்லத்துக்கு வந்தார். சட்டைப்பையில் அந்தத் தாள் நான்காக மடிந்திருந்தது. கலை அவரைத் தடுக்கவில்லை. திரும்பும் வழியைக் கையில் கொடுத்திருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அந்நாட்களில் வேண்டியவர் மருத்துவர், கவிஞர் அல்லர். நாம் செல்ல வேண்டியது அதற்குப் பின்பு.

இனி, இவ்வட்டத்தைப் பற்றியே ஒரு சொல். நம்மிடையே நல்ல கவிஞர் ஒருவர் இருந்தார். அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை; அவர் இல்லத்தார் இவ்வவையில் இருக்கின்றனர். அவர் தள்ளாடி மேடையேறிக் கவிதை படித்தபோதெல்லாம் நாம் கைதட்டினோம். போதையில்தான் அவருக்குக் கவிதை பிறக்கிறது என்று பெருமையாகப் பேசினோம். ஈரல் கெட்டு அவர் மறைந்தபின் நடத்திய இரங்கற் கூட்டத்திலும் அதையே புகழ்ந்தோம். நானும் புகழ்ந்தேன். அவருடைய கையெழுத்துப் படிகளை இப்போது பதிப்புக்காகப் பார்த்துவருகிறேன். நாளிட்டு எழுதும் பழக்கமுடையவர் அவர். சிறந்த கவிதைகள் யாவும் அவர் குடிக்காதிருந்த இரண்டு ஆண்டுகளைச் சேர்ந்தவை. நாம் கொண்டாடியது கவிதையை அன்று, அவர் நோயை. அருகிருக்க வேண்டிய இடத்தில் பார்வையாளராக இருந்தோம்.

ஆகவே, பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் வட்டத்தின்முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன். போதையைப் படைப்பின் ஊற்று என்று இம்மேடையில் இனிப் புகழ வேண்டாம். மீண்டுவருவோர் எழுதியதைத் திருத்த வேண்டாம். அவர்கள் கேட்டால் மட்டும் திருத்துவோம். அவர்தம் படத்தையும் எழுத்தையும் அவர் இசைவின்றி எந்த மலரிலும் அச்சிட வேண்டாம். இந்த மலரிலும் நான் அச்சிடவில்லை. நம்முள் ஒருவர் தளர்வது தெரிந்தால் இரங்கற்பா எழுதக் காத்திராமல், அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். 14416 என்னும் அரசின் மனநலத் தொலைபேசி எண்ணை ஒவ்வொருவரும் குறித்து வைத்துக்கொள்வோம்.

ஒற்றுப்பிழையோடு எழுதப்பட்ட அந்த எட்டு வரித் தாள் இன்றும் என் மேசையில் இருக்கிறது. சிவப்பு மையை அழிக்க வழியில்லை. அதைக் காணும்போதெல்லாம் நான்காம் கூற்றுக்குரிய பாடம் நினைவுக்கு வருகிறது: முதலில் கேள், பிறகும் கேள்.