டர்போ எஞ்சினும் பழைய கணனியும்

ஒரு மோட்டார் எஞ்சின் தரக்கூடிய வலிமை, அது ஒவ்வொரு மூச்சிலும் உள்வாங்கும் வளியின் அளவிலே தங்கியிருக்கின்றது. பெற்றோலை வேண்டுமளவு ஊற்றலாம். அதனை எரிப்பதற்கு ஒட்சிசன் இல்லையாயின் பயன் யாதுமில்லை. எஞ்சின் கழிக்கும் புகையின் விசையினாலேயே ஒரு சுழலியைச் சுழற்றி, அதன் துணையால் வெளிவளியை அமுக்கி உள்ளே செலுத்தலாம் என்ற கருத்துக்குச் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். டர்போ என்று இன்று வழங்குவது இதுவே.

ஆனால், அமுக்கிய வளி சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் பம்பின் அடிப்பாகம் சுடுவதை அறிவர். சூடேறிய வளியும் பெற்றோலாவியும் சிலிண்டருக்குள் மேலும் நெருக்கப்படும்போது தீப்பொறி ஒரு மூலையில் பற்றவைக்கின்றது. சுவாலை பரவிச் செல்லுமுன்னரே மறுமூலையில் எஞ்சிநிற்கும் கலவை தன் சூட்டினாலேயே ஒருங்கே வெடித்துவிடுவதுண்டு. கராஜ்களில் 'நொக்' என்று கூறப்படும் தட்டொலி அவ்வெடிப்பின் ஒலியாகும். சிலிண்டரின் சுவரையும் பிஸ்டனின் தலையையும் ஒட்டிநிற்கும் மெல்லிய குளிர்ந்த வாயுப்படலம்தான் உலோகத்தைக் காத்துவருவது. தட்டொலியின் அதிர்வலை அப்படலத்தைக் கிழித்தெறிகின்றது. அலுமினியம் 660 பாகை வெப்பத்தில் உருகும். எரியும் வாயுவின் வெப்பமோ 2,000 பாகைக்கும் மேற்பட்டது. பிஸ்டன் துளைபட்டுப் போவது எங்ஙனம் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இவ்விடர் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்பயர் என்னும் டர்போக் காரில், கலவையைக் குளிர்விப்பதற்காக நீரும் மெதனோலும் கலந்த திரவத்தை ஊற்றுவதற்கெனத் தனியாக ஒரு தாங்கி வைத்திருந்தனர். சொந்தக்காரர்களுள் பலர் அதனை நிரப்ப மறந்தனர். மனிதன் மறப்பதை இயந்திரம் நினைவில் வைத்திருக்கவேண்டும் என்ற எண்ணமே பிற்காலத்தில் எஞ்சினுக்குள் கணனி புகுவதற்கு ஒரு காரணம் எனலாம்.

யப்பான் நாட்டு நிசான் நிறுவனம் 1989இல் வெளியிட்ட ஸ்கைலைன் ஜி.ரி.ஆர். காரை எடுத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டர், 2,568 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு, இரண்டு டர்போக்கள். அதன் வலிமை ஏட்டளவில் 280 குதிரைவலு. யப்பானிய நிறுவனங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டினால் 2004 வரை உள்நாட்டுச் சந்தைக்கான தொழிற்சாலைக் கார்கள் பொதுவாக இந்த எண்ணைத் தாண்டியதாக அறிவிக்கப்படவில்லை. எஞ்சினின் உண்மையான ஆற்றலோ இதனினும் பெரிது. அதனை வெளிக்கொணர விரும்பியோர் தொழிற்சாலைக் கணனியை அகற்றி, அதே இணைப்பில் பொருந்தும் வேற்றுக் கணனிகளைப் பூட்டலாயினர். 1990களில் அப்பெக்ஸி நிறுவனம் விற்ற 'பவர் எப்.சி.' அவற்றுள் பெயர்பெற்றது.

இக்கணனி சிந்திப்பதில்லை; வாய்பாடு பார்ப்பது ஒன்றே அதன் தொழில். 20 நிரலும் 20 நிரையுமாக 400 கட்டங்கள். ஒருபுறம் எஞ்சினின் சுழல்வேகம், மறுபுறம் அதன் சுமை. எரிபொருளுக்கு ஓர் அட்டவணை, தீப்பொறி எழவேண்டிய நேரத்துக்கு மற்றோர் அட்டவணை. இரு கட்டங்களுக்கு இடைப்பட்ட நிலையில் அயற்கட்டங்களை நோக்கி இடைப்பெறுமானத்தைக் கணக்கிடும். அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. தட்டொலியின் அளவைக் கைத்திரையில் ஓர் எண்ணாகக் காட்டும். எல்லை கடந்தால் விளக்கை மினுக்கும். ஆயினும் தீப்பொறியைத் தானாகப் பின்தள்ளி எஞ்சினைக் காப்பாற்றாது. புதிய கணனிகள் பல இதனைச் செய்யும். பழையதை நம்புவோர் இவ்வேற்றுமையை மறத்தல் ஆகாது. நிமிடத்துக்கு 7,000 சுற்றில் ஒவ்வொரு சிலிண்டரும் வினாடிக்கு 58 முறை தீப்பற்றுகின்றது. விளக்கு மினுங்கிய பின் கால் எழும்புவதற்குள் எத்தனை அடி விழுந்திருக்கும் என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு பொறி இதனினும் மறைவானது. இக்கார் உள்வாங்கும் வளியை இரண்டு மானிகள் அளக்கின்றன. சூடான கம்பியைக் கடக்கும் வளி மிகுதியாகுந்தோறும் மானி தரும் வோல்ற் உயரும். ஏறத்தாழ 5 வோல்ற்றுடன் அளவை முடிந்துவிடுகின்றது. டர்போவின் அமுக்கத்தை மேலும் கூட்டினால் வளி பெருகும், மானியோ அசையாது. கணனி பழைய அளவுக்கே பெற்றோலைச் சிந்தும். எஞ்சின் மிகுதியாக உழைக்கும் அதே வேளையில் கலவை வறண்டுபோகின்றது. ஓட்டுபவருக்கோ கார் முன்னையிலும் விறுவிறுப்பாகச் செல்வதாகவே தோன்றும். ஆகவேதான் தேர்ந்த கைவினைஞர், வலிமை மாறியதா என்று பார்ப்பதற்கு முன்னர் மானியின் வோல்ற்றைப் பார்க்கின்றனர். முதல் இரண்டு தலைமுறைக் கார்களின் டர்போச் சில்லுகள் வெண்களியாலானவை என்பதையும் ஈண்டு குறிப்பிடவேண்டும். அமுக்கம் 1 பாருக்கு மேற்பட்டால் அவை உடைந்து சிதறக்கூடும்.

எரிபொருளைச் சிந்தும் இன்ஜெக்டர்களிலும் இத்தகைய எல்லை உண்டு. 7,000 சுற்றில் ஒரு முழுச் சுழற்சிக்குக் கிடைப்பது வினாடியில் ஆயிரத்தில் 17 பங்கு நேரம் மாத்திரமே. அதில் பெரும்பகுதி நேரம் இன்ஜெக்டர் திறந்தேயிருப்பின் மேலும் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. பெரிய இன்ஜெக்டர் பூட்டுவோர் அதன் கொள்ளளவைக் கணனிக்குச் சொல்லிவிட்டு, அது திறப்பதற்கு எடுக்கும் தாமதத்தைச் சொல்லாது விடுவதுண்டு. கார் நின்றவாறே இயங்கும்போது தடுமாறும். அதைத் திருத்துவதற்காக அட்டவணையின் கட்டங்களை ஒவ்வொன்றாகக் கலைப்பர். பிழை ஓரிடத்தில் இருக்க, மருந்து இருபது இடத்தில் இடப்படுகின்றது.

கலவையை அளப்பதற்குத் தொழிற்சாலை பொருத்திய ஒட்சிசன் உணரி போதாது. ஒரு கிராம் பெற்றோலுக்கு 14.7 கிராம் வளி என்ற நிலைக்கு இப்பாலா அப்பாலா என்பதை மாத்திரமே அது சொல்லும். டர்போ முழு விசையில் ஊதும்போது வேண்டப்படுவதோ 11.5 அல்லது அதற்கு அண்மித்த விகிதமாகும். மிகையான பெற்றோல் ஆவியாகிக் கலவையைக் குளிர்விக்கின்றது. இதனை எண்ணாற் காட்டவல்ல அகன்ற வீச்சுடைய உணரி இன்றி வேலை தொடங்குவது, வெப்பமானி இன்றிக் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது போன்றது.

வேலை மெதுவாகவே நடைபெறவேண்டும். காரின் சில்லுகளை டைனமோமீற்றரின் உருளைகள் மீது ஏற்றி, டர்போவின் அமுக்கத்தை மிகக் குறைத்து, பெற்றோலைத் தாராளமாகவும் தீப்பொறியைப் பிந்தியும் வைத்துத் தொடங்குவர். முதலிற் கலவை, பின்னரே தீப்பொறி. ஒரு நேரத்தில் ஒரு பாகைக்கு மேல் முன்தள்ளுவதில்லை. இழுவிசை கூடவில்லையாயின் அந்தப் பாகையைத் திருப்பி எடுத்துவிடுவர். பயன் தராத முன்தள்ளல் அமுக்கத்தையும் வெப்பத்தையுமே கூட்டும். இவ்வளவு கருவிகளுக்கு நடுவிலும் செப்புக் குழாய் ஒன்றைத் தட்டையாக்கி எஞ்சினின் உடலில் முறுக்கி, அதன் மறுமுனையை இரப்பர்க் குழாயால் காதுமூடியுடன் இணைத்துக் கேட்கும் கைவினைஞர் இன்றும் உளர். மருத்துவர் நெஞ்சைக் கேட்பது போன்றதே இது. கைத்திரை காட்டும் எண், வால்வுகளின் ஓசையையும் தட்டொலியாகக் கொள்ளக்கூடும்; பழகிய செவி அவ்விரண்டையும் பிரித்தறியும்.

யப்பானில் ஓடிய காரின் கணனியில் அந்நாட்டு எரிபொருளுக்கேற்ற அட்டவணையே இருக்கும். அங்கு உயர்தரப் பெற்றோலாகப் பரவலாக விற்கப்படுவது ஒக்டேன் 100. இலங்கையில் நிரப்பு நிலையங்களில் பரவலாகக் கிடைப்பவை 92உம் 95உம். ஒக்டேன் குறையக் குறையத் தட்டொலி முந்திவரும். அவ்வட்டவணையின் எண்கள் யப்பானிலே பிழையற்றவையாயினும், இங்கு அவையே பிஸ்டனைத் துளைக்கப் போதுமானவை. எனவே இத்தகைய காரைப் பெறுபவர், அது எவ்வளவு நன்றாக ஓடுவதாகத் தோன்றினும், பழைய அட்டவணையைப் படியெடுத்து வைத்துவிட்டு, டர்போவின் அமுக்கத்தைக் குறைத்து, சுமை மிகுந்த கட்டங்களில் தீப்பொறியைச் சில பாகை பின்தள்ளி, இங்குள்ள பெற்றோலிலேயே புதிதாக அளப்பித்த பின்னரே முழு விசையில் ஓட்டுதல் வேண்டும்.