தீர்மானம் எடுத்தாச்சு, மறுநாள் என்ன?

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், திருவிடந்தையில் இருந்து உங்களோடு பேசுகிறேன். இன்றைக்கு நாம் தியானிக்கப் போவது தீர்மானத்தைப் பற்றி.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் நம்மில் எத்தனையோ பேர் தீர்மானம் எடுக்கிறோம். இனிமே குடிக்க மாட்டேன். தினமும் வேதம் வாசிப்பேன். அண்ணன்கிட்ட பேசிடுவேன். பொங்கல் வர்றதுக்குள்ள அது உடைஞ்சிடுது. அப்புறம் வெட்கம் வருது. அந்த வெட்கத்துல சிலர் சபைக்கு வர்றதையே நிறுத்திடுறாங்க. அவங்களை மனசில் வைத்துத்தான் இதைப் பேசுகிறேன்.

தானியேல் புத்தகம் 1ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன வாலிபன். ஊர் போச்சு, பேரையும் மாத்திட்டாங்க. ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தக்கூடாதென்று அவன் இருதயத்தில் தீர்மானம் பண்ணுகிறான். அதற்குப் பிறகு என்ன செய்தான் என்பதைத்தான் நாம் வேகமாக வாசித்துவிட்டுப் போய்விடுகிறோம். அவன் சண்டை போடவில்லை; பிரதானிகளின் தலைவனிடம் பணிவாக வேண்டிக்கொண்டான். அவர் ராஜாவுக்குப் பயந்து தயங்கினார். தானியேல் அதோடு நிற்கவில்லை. தங்களைக் கவனித்துக்கொண்ட விசாரிப்புக்காரனிடம் போய், பத்து நாள் மட்டும் பருப்பும் காய்கறியும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டான்.

கவனிச்சீங்களா? மனசுல இருந்தது வாழ்நாள் தீர்மானம். கையில எடுத்தது பத்து நாள். அதையும் தனியா செய்யல. கூட மூணு சிநேகிதர்கள் இருந்தாங்க.

அடுத்தது ரூத். மோவாபிலிருந்து வருகிற வழியில் திரும்பிப் போகச் சொல்லி நகோமி எத்தனை தடவை சொல்லியும் ரூத் விட்டுப் போகவில்லை. அவள் அங்கே பேசின வார்த்தைகளை நாம் கல்யாண வீடுகளில்கூட கேட்கிறோம். ஆனால் பெத்லகேமுக்கு வந்த பிறகு அவள் செய்த வேலை என்ன? அந்நிய ஊரில், அறுக்கிறவர்களுக்குப் பின்னால் குனிந்து கதிர் பொறுக்கினாள், சாயங்காலம் வரைக்கும். வாற்கோதுமை அறுப்பு முடிந்து, கோதுமை அறுப்பும் முடிகிற வரைக்கும் அதையே செய்தாள். வழியில சொன்ன வார்த்தைக்கு வயல்லதான் அர்த்தம் வந்துச்சு.

நம்ம கரையில கடலுக்குப் போறவங்களைப் பாருங்க. அலை உடையுற இடத்தைத் தாண்டுறதுதான் கஷ்டம். போட்டோட முன்பக்கம் அலைக்கு நேரா இருக்கணும். பக்கவாட்டுல திரும்பினா அலை புரட்டிடும். புரட்டிட்டா போட்டை அங்கேயே விட்டுட்டு வீட்டுக்குப் போயிட மாட்டாங்க. நாலு பேரா சேர்ந்து நிமிர்த்தி, தண்ணியை இறைச்சுட்டு, மறுபடி தள்ளுவாங்க. ஆவிக்குரிய போராட்டமும் அப்படித்தான்.

இதே கடற்கரையில், தெற்கே தரங்கம்பாடியில், 1706 ஜூலை 9ஆம் தேதி பர்த்தலோமேயு சீகன்பால்க் வந்து இறங்கினார். ஜெர்மனியர்; டென்மார்க் ராஜா அனுப்பியவர். தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் படித்தார். அங்கிருந்த டேனிஷ் அதிகாரிகளே அவரை நாலு மாதம் சிறையில் வைத்தார்கள். அதற்குப் பிறகும் 1711இல் புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பை முடித்தார். 1715இல் அது முழுவதும் அச்சாகி வந்தது. பிறகு பழைய ஏற்பாட்டைத் தொடங்கினார். 1719இல் மரிக்கும்போது அவருக்கு வயது 36. மொழிபெயர்ப்பு அதுவரைக்கும் வந்திருந்த இடம் எது தெரியுமா? ரூத்தின் புத்தகம்.

அவர் எடுத்த தீர்மானம் பாதியில் நின்றதா? இல்லை. மீதியைப் பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார். அதற்குப் பிறகு பப்ரிஷியஸ் சென்னையில் இருந்து பல வருஷம் உழைத்து இன்னும் திருத்தமான மொழிபெயர்ப்பைக் கொடுத்தார். சீகன்பால்க் அன்றன்றைக்குரிய அதிகாரத்தை எழுதினார். நற்கிரியையைத் தொடங்கினவர் அதை முடிவு வரைக்கும் நடத்துகிறார் என்கிற நம்பிக்கையைப் பவுல் பிலிப்பியருக்கு எழுதுகிறார். முடிக்கிற பொறுப்பு கர்த்தருடையது. இன்றைய பங்கு நம்முடையது.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். சோதனை வருவதற்கு முன்பே, காலையிலேயே, தீர்மானத்தை ஜெபத்தில் வையுங்கள். பத்து நாள் என்று எண்ணித் தொடங்குங்கள். நம்பிக்கையான ஒருத்தரிடம் சொல்லுங்கள். குடிப்பழக்கமாக இருந்தால் டாக்டரையும் பாருங்கள். திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு உடம்பு தாங்காது. வைத்தியம் பார்ப்பது விசுவாசக் குறைவு இல்லை.

நாலாம் நாள் விழுந்துட்டீங்களா? அஞ்சாம் நாள் சபைக்கு வாங்க. முதல் நாளில் இருந்து எண்ணலாம்.

ஜெபிப்போம். அன்புள்ள பரலோகப் பிதாவே, தீர்மானம் உடைந்து வெட்கத்தோடு இருக்கிற பிள்ளைகளை நினைத்தருளும். இன்றைய நாளுக்கான பெலனைக் கொடும். கூட நிற்க ஒருவரைக் கொடும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.