குழந்தையின் நிறையும் பெற்றோரின் கண்ணும்



"பிள்ளை கொழுகொழுவென்று நன்றாயிருக்கிறான்" என்று அயலவர் சொன்னால் தாயின் முகம் மலர்கிறது. "என்ன, இப்படி மெலிந்து போனான்?" என்று ஒருவர் கேட்டுவிட்டாலோ, அன்றிரவு அவளுக்கு உறக்கமில்லை. இந்த மனப்பாங்கு காரணமின்றித் தோன்றியதன்று. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் இலங்கையை வாட்டிய மலேரியாக் கொள்ளைநோயைக் கண்டவர்களுக்கும், வயிற்றோட்டத்துக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கும், உடலிலுள்ள சதைப்பிடிப்பு உயிர்காக்கும் சேமிப்பாகவே தோன்றியிருக்கும். இன்று காலம் மாறிவிட்டது. நம் கண் மாத்திரம் பழைய அளவையே வைத்திருக்கிறது. ஆகவே, பிள்ளையின் நிறையைக் கண்ணால் மதிப்பிடாது, தராசாலும் உயரக்கோலாலும் மதிப்பிடவேண்டும் என்பதே இன்றைய பேச்சின் சாரம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 5 வயது முதல் 19 வயது வரையுள்ளோரில் உடற்பருமன் உடையோர் 1990 ஆம் ஆண்டில் நூற்றுக்கு இருவராக இருந்தனர். 2022 ஆம் ஆண்டில் அத்தொகை நூற்றுக்கு எண்மராயிற்று. அதாவது ஏறக்குறைய 16 கோடிப் பேர். இதனால் போசாக்கின்மை ஒழிந்துவிட்டதென்று எவரும் எண்ணலாகாது. ஒரே ஊரில், ஒரே வகுப்பில், நிறை போதாத பிள்ளையும் நிறை மிகுந்த பிள்ளையும் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். இருவரையும் காட்டித் தருவது அதே தராசுதான்.

குழந்தை வளரும் விதத்தை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். பிறந்தபோதிருந்த நிறை, ஓராண்டு நிறைவில் ஏறக்குறைய மும்மடங்காகிறது. அதன்பின் அந்த வேகம் தணிகிறது. இரண்டு வயதுக்குப் பின் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு கிலோகிராமே கூடும். உயரம் கூடக் கூட, ஐந்து ஆறு வயது வரை பிள்ளை மெலிவது போலத் தோன்றுவதும், பசி சற்றுக் குறைவதும் இயற்கை. இவ்வியற்கையை நோயென்று அஞ்சித்தான் பல வீடுகளில் கிண்ணமும் கையுமாகப் பிள்ளையைத் துரத்தித் துரத்தி ஊட்டுகிறார்கள். போதும் என்று பிள்ளையின் வயிறு சொல்வதை நாம் கேளாது விட்டால், நாளடைவில் பிள்ளையும் அதைக் கேளாது விட்டுவிடும்.

நமது நாட்டில் ஒவ்வொரு குழந்தைக்கும் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு வழங்கப்படுகிறது. தடுப்பூசித் தினங்களைப் பார்ப்பதற்கு மாத்திரம் அதைத் திறப்போர் பலர். அதிலுள்ள வளர்ச்சிக் கோடுகளே அதன் உயிர். ஒரு நாள் நிறுத்துப் பெற்ற இலக்கம் அதிகம் சொல்வதில்லை; மாதந்தோறும் இட்ட புள்ளிகளை இணைக்கும் கோடே பேசுகிறது. நிறைக்கோடு உயரக்கோட்டை விட்டுப் பிரிந்து விரைவாக மேலேறுமாயின், பிள்ளை பார்வைக்குப் பருமனாகத் தோன்றுமுன்னரே எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு உடற்றிணிவுச் சுட்டி பயன்படும். கிலோகிராமிற் கண்ட நிறையை, மீற்றரிற் கண்ட உயரத்தால் இருமுறை வகுத்தால் அச்சுட்டி கிடைக்கும். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் 125 சென்ரிமீற்றர் உயரமும் 34 கிலோகிராம் நிறையும் உடையவன் என்று கொள்வோம். 34 ஐ 1.25 ஆல் இருமுறை வகுத்தால் ஏறக்குறைய 21.8 வரும். வளர்ந்தவர் ஒருவருக்கு இது நல்ல அளவு. எட்டு வயதுச் சிறுவனுக்கோ இது உடற்பருமன். அதே உயரத்தில் அவன் 25 கிலோகிராம் இருப்பானாயின் சுட்டி 16. அதுவே அவ்வயதுக்குச் சீரானது. ஆதலால் வளர்ந்தோருக்குரிய அளவைக் கொண்டு பிள்ளையை மதிப்பிடலாகாது. வயதுக்கும் பாலுக்கும் உரிய அட்டவணையைப் பார்த்தல் வேண்டும்.

அளவுகளோடு சில குறிகளையும் கவனியுங்கள். பிடரியிலும் கக்கத்திலும் தோல் கறுத்துத் தடித்து வெல்வெட்டுப் போலாவதுண்டு. அதை அழுக்கென்று எண்ணித் தாய்மார் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவர், அது போகாது. இன்சுலின் சரிவர வேலை செய்யவில்லை என்பதற்கும், நீரிழிவு பின்னர் வரக்கூடும் என்பதற்கும் அது ஓர் அறிகுறியாகலாம். இரவில் பலத்த குறட்டை, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல், பகலில் தூக்க மயக்கம், முழங்கால் அல்லது இடுப்பு வலி ஆகியவற்றுக்கும் வைத்தியரை நாடுங்கள். மிகையுணவாற் பருத்த பிள்ளை பெரும்பாலும் வயதுக்கேற்ற உயரமுடையதாகவோ அதனிலும் உயர்ந்ததாகவோ இருக்கும். பருமனோடு உயரமும் குன்றியிருப்பின், தைரொயிட் முதலிய சுரப்பிகளின் குறைபாடு உண்டோ என ஆராய்தல் அவசியம்.

இனிச் செய்யவேண்டியது யாது? வளரும் பிள்ளையைப் பட்டினி போடலாகாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு நிறையைக் குறைப்பதன்று, அது மேலும் ஏறாது நிறுத்துவதே நோக்கம். உயரம் வளர வளர உடல் சீர்ப்படும். சோறும் புட்டும் பகையல்ல; அளவே கவனிக்கத்தக்கது. கோப்பையில் மரக்கறியும் கீரையும் மீனும் பருப்பும் இடம் பெறட்டும். தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். இனிப்புப் பானங்களிலுள்ள சீனியின் அளவைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறங்களாற் காட்டும் விதி 2016 ஆம் ஆண்டில் இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. போத்தலை வாங்குமுன் அந்நிறத்தைப் பாருங்கள். அழுகையை அடக்கவும், நற்புள்ளி பெற்றதைப் பாராட்டவும் பிஸ்கற்றையும் இனிப்பையும் கூலியாகக் கொடாதீர்கள். பாடசாலைப் பிள்ளை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலமேனும் ஓடியாடுதல் வேண்டும். பாடசாலை விட்டதும் தனியார் வகுப்பு, அது முடிந்ததும் கைத்தொலைபேசி என்று மாலைப்பொழுது முழுவதும் கழியுமாயின், கிளித்தட்டு மறிக்க நேரம் ஏது?

இறுதியாக ஒன்று. "குண்டன்" என்று கேலி செய்வதால் எந்தப் பிள்ளையும் மெலிந்ததில்லை. மறைந்திருந்து உண்ணவும், விளையாட்டுத் திடலைக் கண்டு ஒதுங்கவுமே அது கற்கும். குற்றம் பிள்ளையினுடையதன்று. வீட்டில் ஒருவருக்கு மாத்திரம் உணவை மாற்றாதீர்கள். எல்லோரும் ஒன்றாக மாற்றிக்கொள்ளுங்கள். நாளைக் காலையிலேயே அந்தப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். கடைசிப் புள்ளி எப்போது இடப்பட்டது? பல மாதங்கள் கழிந்திருந்தால், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையை அழைத்துச் சென்று நிறையையும் உயரத்தையும் அளப்பியுங்கள்.