பாலாற்றுக் கரையில் பாலும் உடல்நலமும்

(தோல் தொழில் வட்டாரத்து மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



பாலைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். மாடு வளர்க்கும் உங்களிடம் பாலின் பெருமையை நான் எடுத்துரைப்பது மிகையாகும். ஆகையால் பெருமையை விட்டுக் கணக்கைப் பேசுகிறேன். ஒரு வீட்டில் பால் யாருக்குச் சேர வேண்டும், உண்மையில் யாருக்குச் சேருகிறது என்பதே அக்கணக்கு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய தோல் தொழில் ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களில் இக்கணக்கு மூன்று இடங்களில் தவறுகிறது. பசும்பால் கொடுக்கலாகாத கைக்குழந்தைக்கு அது புகட்டப்படுகிறது. கட்டாயம் வேண்டிய வளரும் பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை. தோல் பதனிடும் தொழிலாளியோ அதனை மருந்தென்று நம்பியிருக்கிறார்.

முதலில் பாலில் என்ன உண்டு என்பதைப் பார்ப்போம். 100 மில்லிலிட்டர் பசும்பாலில் சுமார் 3 கிராம் புரதமும், சுமார் 120 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் உள்ளன. எலும்பும் பல்லும் உறுதிப்பட இவை வேண்டும். இரத்தத்திற்கும் நரம்புக்கும் வேண்டிய பி-12 உயிர்ச்சத்தும் பாலில் உண்டு. புலால் உண்ணாதவர்களுக்கு அது கிடைக்கும் வழிகளுள் பாலே முதன்மையானது. ஆனால் இரும்புச் சத்து பாலில் இல்லையென்றே சொல்லலாம். இக்குறையை நினைவில் வைத்துக்கொண்டால் நான் மேலே சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே உணவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தண்ணீர்கூட வேண்டுவதில்லை. ஓராண்டு நிறையும் முன் பசும்பாலையே முக்கிய உணவாகக் கொடுத்தால் குழந்தைக்கு இரும்புச் சத்துக் குறையும்; குடலில் கண்ணுக்குத் தெரியாமல் சிறிது சிறிதாக இரத்தக் கசிவும் ஏற்படக்கூடும்; அதிலுள்ள மிகுதியான புரதமும் உப்பும் இளஞ் சிறுநீரகத்திற்குச் சுமையாகும். இதற்கு அஞ்சித் தண்ணீர் கலந்து கொடுத்தால் உள்ள சத்தும் குறைந்துபோகும்.

இது தாய்மார்கள் அறியாத செய்தியன்று. காலணித் தொழிற்சாலைக்கு விரைவில் திரும்ப வேண்டியிருப்பதே இடையூறு. பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுச் செல்லும் தாய் வேறென்ன செய்வாள்? ஆதலின் சட்டம் தந்துள்ள உரிமையை நீங்கள் அறிய வேண்டும். பேறுகாலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, முதல் இரு பேறுகளுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. பேற்றுக்கு முந்திய ஓராண்டில் குறைந்தது 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் அமைய வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்குச் சென்று வரலாம். தாய்ப்பாலைக் கறந்து சுத்தமான மூடிய பாத்திரத்தில் வைத்துச் சென்றால், அறையின் வெப்பத்தில் சுமார் நான்கு மணி நேரம் கெடாது. வேலூர்க் கோடையில் அதைக் குளிர்ச்சியான இடத்தில் வைப்பதே நலம்.

அடுத்து, வளரும் பிள்ளை. காலையும் மாலையும் கறந்த பால் முழுவதும் சங்கத்திற்குச் செல்கிறது. வீட்டில் எஞ்சுவது தேநீருக்கான ஓர் ஆழாக்கு. நான்கு வயதுப் பிள்ளை குடிப்பது பாலன்று, பாலின் நிறம் மட்டுமே. தேயிலையின் துவர்ப்பு, நம் ஊர்த் தொழிலாளர் நன்கறிந்த ஆவாரம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றின் துவர்ப்புக்கு உறவினம். பட்டையின் துவர்ப்பு தோலைப் பற்றுகிறது. தேயிலையின் துவர்ப்பு உணவிலுள்ள இரும்புச் சத்தைப் பற்றி, உடலில் சேரவிடாமல் செய்கிறது. சாப்பாட்டுடன் தேநீர் குடிக்கும் பிள்ளைக்குப் பாலின் நன்மையும் இல்லை, கீரையின் நன்மையும் முழுதாக இல்லை. சிறு பிள்ளைக்குத் தேநீரே வேண்டாம். பெரியவர்களும் உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ அருந்துவது நன்று.

மூன்றாவதாக, தொழிலாளியின் நம்பிக்கை. தூசியிலும் இரசாயனத்திலும் உழைப்பவர் பால் குடித்தால் நஞ்சு முறியும் என்று பலர் கருதுகின்றனர். இது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. ரஷ்யாவில் தீங்கான தொழில் செய்வோருக்குப் பால் வழங்குவது தொழிலாளர் சட்டத்திலேயே இடம் பெற்றுள்ளது. ஆயினும் உடலின் அமைப்பைச் சிந்தித்துப் பாருங்கள். தோலைத் தேய்க்கும்போது எழும் தூசி நுரையீரலுக்குச் செல்கிறது. பால் இரைப்பைக்குச் செல்கிறது. இரண்டும் சந்திப்பதில்லை. குரோம் உப்பு தோலில் பட்டுச் சிரங்காவதையும் பால் தடுக்காது. உள்ளே சென்றதைச் சிறிது சிறிதாக வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. தொழிலாளிக்குப் பால் நல்ல உணவு. அது கையுறைக்கும் முகக்கவசத்திற்கும் ஈடாகாது. முதலாளி ஒரு தம்ளர் பால் கொடுத்தால் மகிழ்ச்சியுடன் பெற்றுக்கொள்ளுங்கள். அதோடு கையுறையையும், முழங்கால் வரை வரும் காலணியையும், காற்றோட்டத்தையும் கேளுங்கள். உண்ணுமுன் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். வேலையுடையுடன் குழந்தையைத் தூக்காதீர்கள்.

பால் குடித்தால் வயிறு பொருமுகிறது என்று சிலர் கூறுவது சாக்கன்று. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் வயது ஏற ஏறப் பலருக்குக் குறைகிறது. 1981-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சோதிக்கப்பட்ட தென்னிந்தியருள் மூன்றில் இரு பங்கினரிடமும், வட இந்தியருள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரிடமும் இக்குறை காணப்பட்டது. அத்தகையோர் பாலை அறவே விட வேண்டுவதில்லை. தயிரில் அச்சர்க்கரையின் ஒரு பகுதி புளிப்பாக மாறிவிடுகிறது. ஆகையால் தயிரும் மோரும் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும்; பாலையும் சிறிது சிறிதாக, உணவுடன் அருந்திப் பார்க்கலாம். பாலே கிடைக்காத வீட்டில் கேழ்வரகு உண்டு; 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது.

பாலைப் பொங்கக் காய்ச்சாமல் யாரும் குடிக்கலாகாது. மாட்டுக் காசநோயும், புருசெல்லா என்னும் கிருமியால் வரும் விட்டுவிட்டு வருங் காய்ச்சலும் மூட்டுவலியும் பச்சைப் பால் வழியே பரவும். கன்று வீசிய மாட்டை வெறுங்கையால் தொடவேண்டாம். கால்நடை மருத்துவரை அழையுங்கள். தோல் கழிவுநீர் ஓடும் ஓடையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் வேண்டாம். பாலாற்றுப் படுகை கெட்டுப்போனதைக் குறித்து உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இலும், மீண்டும் 2025 ஜனவரி 30-இலும் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் கண்ட தீமையை நாமே நம் மாட்டுக்கு ஊட்டலாமா?

அளவும் வேண்டும். வளர்ந்தோருக்கு நாளொன்றுக்குப் பாலும் தயிருமாக 300 மில்லிலிட்டர் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. ஓராண்டு கடந்த சிறு பிள்ளைக்கு அரை லிட்டருக்கு மேல் கொடுத்தால், வயிறு பாலாலேயே நிறைந்து சோறும் கீரையும் செல்லாது, சோகை வரும். நெய்யில் உறைந்த கொழுப்பு மிகுதி. இதய நோயுள்ளவர் அளவறிந்து உண்க. ஆற்காட்டு மக்கன் பேடாவிலும் பால்கோவா உண்டென்பது மெய்தான். அதற்காக அதனைப் பாற்கணக்கில் சேர்த்துவிட இயலாது.

தாய்மார்களே! பாலை விற்க வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அப்பணம்தான் பள்ளிக் கட்டணமும் கடன் தவணையும் என்பதை அறிவேன். பால் கேனை மூடுமுன் பிள்ளைக்கும், பிள்ளையுண்டான தாய்க்கும் அரை லிட்டரை எடுத்து வைத்துவிட்டு, மிகுதியைச் சங்கத்திற்கு அனுப்புங்கள். அந்த அரை லிட்டருக்குச் சங்கம் தரும் தொகை, கடையில் பிள்ளைக்கு வாங்கும் இரண்டொரு தின்பண்டப் பொட்டலங்களின் விலைக்கு மேற்படாது. ஒவ்வொரு குழுவும் தன் மாதக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கைப் படித்தபின், எத்தனை வீட்டில் பிள்ளைக்குப் பால் எடுத்து வைக்கப்பட்டது என்பதையும் ஒரு வரியாக ஏட்டில் எழுதிவருமாறு வேண்டிக்கொள்கிறேன்.