இன்ஜின் மாற்றியும் வண்டி நின்றுவிட்டால்...

(மாதாந்திர நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



நம் மஹல்லாவில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. வண்டி நின்றால் அந்த வீட்டில் அடுப்பும் நின்றுவிடும். அதனால்தான் இன்று இதைப் பேசுகிறேன்.

அண்மையில் ஒரு சகோதரர் நம் அலுவலகத்திற்கு வந்தார். மனைவியின் நகையை அடகு வைத்து, பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாற்றியிருக்கிறார். மூன்றே வாரத்தில் வண்டி சூடேறி நின்றுவிட்டது. ஒர்க்‌ஷாப்காரர், "இன்ஜின் கொடுத்தவரைக் கேளுங்க பாய்" என்கிறார். விற்றவரோ, "மாட்டியவரைக் கேளுங்க" என்கிறார். இவர் கையில் இருப்பது தொகை மட்டும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு.

இப்படி நேர்ந்தால் கோபத்தில் வேறு மெக்கானிக்கிடம் போய் இன்ஜினைப் பிரித்துவிடாதீர்கள். "நீங்கள் கழற்றியதால்தான் கெட்டது" என்று சொல்ல வழி கிடைத்துவிடும். தொடர்ந்து ஓட்டவும் வேண்டாம். சேதமும் கூடும், பழியும் நம் மேல் வரும். இன்ஜின் எண், கிலோமீட்டர், ஆயில், கூலன்ட் அளவு எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். பிறகு மாட்டியவரையும் விற்றவரையும் வைத்துக்கொண்டே, சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டி, பழுதின் காரணத்தைக் கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள்.

காரணம் தெரிந்தால் பொறுப்பும் தெரியும். ஹெட்டில் பழைய விரிசல் இருந்தால் விற்றவர் பதில் சொல்ல வேண்டும். அடைத்துக் கிடந்த ரேடியேட்டரை அப்படியே மாட்டியிருந்தால் ஒர்க்‌ஷாப்காரர் பதில் சொல்ல வேண்டும். வெப்ப முள் சிவப்புக்குப் போன பிறகும் நாம் ஓட்டியிருந்தால், அதை ஒப்புக்கொள்வதே நியாயம். அந்தச் சகோதரர் விஷயத்தில் ரேடியேட்டர் அடைப்புதான் காரணம் என்று தெரிந்தது. எழுத்தில் பார்த்ததும் ஒர்க்‌ஷாப்காரர் வாதம் செய்யவில்லை. கூலி வாங்காமல் வேலையைத் திரும்பச் செய்து, பாகங்களின் செலவையும் ஏற்றுக்கொண்டார்.

எல்லோரும் இப்படி இணங்குவார்கள் என்று சொல்ல முடியாது. இணங்காவிட்டால், நடந்ததையும் நீங்கள் கேட்பதையும் எழுதி, 15 நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

"பாக்கியைக் கொடுத்தால்தான் வண்டி" என்றால் சண்டைக்குப் போகாதீர்கள். ஒப்புக்கொண்டபடி வேலை செய்தவருக்குக் கூலி வரும்வரை பொருளை வைத்திருக்கும் உரிமையை 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் தருகிறது. வேலை ஒப்புக்கொண்டபடி நடந்ததா என்பதுதான் கேள்வி. வேறு வழியின்றிப் பணம் கட்டினால், பில்லில் "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

அடுத்த படி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 வருடத்திற்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. சுயதொழிலாகப் பிழைப்புக்கு டாக்ஸி ஓட்டுபவரும் நுகர்வோரே. விற்றவர், மாட்டியவர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள்.

இனி இன்ஜின் மாற்றப் போகிறவர்களுக்கு: இன்ஜின் எண், மாற்றிய பாகங்கள், எத்தனை மாத உத்தரவாதம் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். திருட்டு இன்ஜின் தலையில் கட்டப்படாமல் இருக்க, அது கழற்றப்பட்ட வண்டியின் ஆவணத்தையும் கேளுங்கள். ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று, புது எண்ணை ஆர்.சி.யில் பதியுங்கள். பதியாவிட்டால் இன்சூரன்ஸ் கேட்கும்போது சிக்கல் வரும்.

மெக்கானிக் சகோதரர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களிடம் விடப்படும் வண்டி ஓர் அமானிதம். செய்த வேலையை எழுதிக் கொடுங்கள். அந்தத் தாள் நாளைக்கு உங்களையும் காப்பாற்றும்.

கடிதமோ புகாரோ எழுதத் தெரியாதவர்கள் அஸருக்குப் பிறகு அலுவலகத்திற்கு வாருங்கள்; எழுதித் தருகிறோம். வரும்போது பில்லை மறக்காமல் கொண்டு வாருங்கள். வஸ்ஸலாம்.